உள்ளே சிக்கிய சி.டி.

லேப்டாப்பைக் கட்டிலில் குப்புறப் போட்டு, அதன் முதுகில் இருந்த ஒரே ஒரு ஸ்க்ரூவைக் கழற்ற முடியாமல் வியர்த்துக்கொண்டிருந்தேன். ஐப்பசி மாதம். கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஊரான அரவேணுவில் காலையிலிருந்து மழை விட்டபாடில்லை. ஸ்வெட்டர் இல்லாமல் யாரும் வாசல் தாண்டாத குளிரில் எனக்கு மட்டும் பனியன் நனைந்திருந்தது.

அந்த ஸ்க்ரூவுக்குப் பின்னால் சி.டி. டிரைவ். டிரைவுக்குள் ஒரு சி.டி. சிக்கியிருந்தது. அதில் இருந்தது என் நெஞ்சின் ஸ்கேன் படம். எட்டு வருஷத்துக்கு முந்தையது. ரேஷன் கடைக்குப் போயிருந்த என் மனைவி காந்திமதி திரும்புவதற்குள் அதை வெளியே எடுத்தாக வேண்டும்.

போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார். “வெடிமருந்துத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் இருந்திருக்கிறீர்கள். உங்களுக்குப் பயமே வராதா?” என்று. வெடிமருந்தைக் கண்டு பெரிதாகப் பயந்ததில்லை ஐயா. அதற்கு விதிமுறைகள் உண்டு, பக்கத்தில் பத்து பேர் உண்டு. நான் உயிர் நடுங்கப் பயந்தது இந்த லேப்டாப்பைப் பார்த்துத்தான். அதைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

டாக்டர் முன்னால்

அதற்கு நாலு நாள் முன்பு கோயம்புத்தூரில் ஒரு டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்திருந்தோம். ஆடியில் பிடித்த இருமல் ஐப்பசி ஆகியும் போகவில்லை. ஸ்கேன் எடுத்ததில் வலது நுரையீரலில் ஒரு புள்ளி தெரிந்தது.

“இதுக்கு முன்னாடி எப்பவாவது நெஞ்சுல ஸ்கேன் எடுத்திருக்கீங்களா?” என்று டாக்டரம்மா கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் காந்திமதி முந்திக்கொண்டாள். “எட்டு வருசம் முன்னால எடுத்தாருங்க. அதுல ஒண்ணுமே இல்லைன்னு சொல்லிட்டாங்க.”

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். “அப்படியா சார்? சுத்தமா இருந்துச்சா?”

அந்த ஒரு நிமிஷத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் காந்திமதி, மடியில் பையை இறுக்கிப் பிடித்தபடி, என் பதிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். “சுத்தமா இருந்துச்சுங்க டாக்டர்” என்றேன்.

டாக்டரம்மாவின் முகம் மாறியது. “அப்ப இது புதுசு. புதுசுன்னா சும்மா விட முடியாது. வெள்ளிக்கிழமை அட்மிட் ஆகுங்க. நெஞ்சுல ஊசி விட்டு கொஞ்சம் சதை எடுத்துப் பார்த்துடலாம்.” பிறகு ஏதோ யோசித்தவர், “அந்தப் பழைய சி.டி. இருந்தா வியாழனுக்குள்ள அனுப்புங்க. எதுக்கும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்” என்றார்.

ஸ்கேன் எடுத்த இடத்தைக் கேட்கலாம் என்றால், அதை மூடி வருஷங்கள் ஆகிவிட்டன. இருந்தது அந்த ஒரு சி.டி. மட்டும்தான்.

மிளகு அளவு

நான் சொன்னது பச்சைப் பொய். எட்டு வருஷத்துக்கு முன்பே அந்தப் புள்ளி இருந்தது. ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்த டாக்டர், “மிளகு அளவுக்கு ஒரு புள்ளி இருக்கு. ஆறு மாசம் கழிச்சு இன்னொரு தடவை எடுத்துப் பார்த்துடுங்க” என்று என்னிடம் நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

அன்று நான் தனியாகப் போயிருந்தேன். பஸ் மலையேறும்போதே முடிவு செய்துவிட்டேன், யாரிடமும் சொல்வதில்லை என்று.

காரணம் எங்கள் தொழிற்சாலை நடைமுறை. வெடிமருந்துப் பிரிவில் இருப்பவர்களுக்கு அவ்வப்போது உடல் பரிசோதனை நடக்கும். நெஞ்சில் ஏதாவது இருக்கிறது என்று தெரிந்தால் பிரிவை மாற்றிவிடுவார்கள். எங்களோடு இருந்த ரங்கசாமியை அப்படித்தான் ‘அன்ஃபிட்’ என்று எழுதி, கேட்டில் நோட்டு எழுத உட்கார வைத்தார்கள். இருபது வருஷம் வெடிமருந்து கலந்த மனுஷன், உள்ளே போகிறவர்களின் டோக்கன் நம்பரை எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நாங்கள் அவனைத் தாண்டிப் போகும்போது தலையைக் குனிந்துகொள்வோம். பாவம் என்று சொல்லிக்கொள்வோம். உள்ளுக்குள் நாமில்லை என்ற நிம்மதி.

எனக்கு அந்த நாற்காலி வேண்டாம். அவ்வளவுதான்.

காந்திமதியிடமாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அவள் அண்ணன் அதே தொழிற்சாலையில் ஃபோர்மேன். அவளிடம் சொன்னால் அன்று மாலையே அவனுக்குத் தெரியும், மறுநாள் மொத்தத் தொழிற்சாலைக்கும் தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். “எல்லாம் நல்லா இருக்குதாம்” என்று வீட்டுக்குள் நுழையும்போதே சொல்லிவிட்டேன். அவள் சந்தோஷப்பட்டு, அன்று கேசரி கிண்டினாள். அந்தக் கேசரியை நான் எப்படித் தின்றேன் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

ஆறு மாதம் ஆனது. போகவில்லை. ஒரு வருஷம் ஆனது. அப்புறம் போவதற்கே பயம். போனால் அது மிளகு அளவில் இருக்குமா, நெல்லிக்காய் அளவில் இருக்குமா? பார்க்காதவரை அது மிளகுதான் என்று இருந்துவிட்டேன்.

பல்பு எரியும் பீரோ

மலையில் வீடு வைத்திருக்காதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இங்கே மழைக்காலத்தில் வீட்டுக்குள் இருப்பதெல்லாம் பூசணம் பிடிக்கும். பெல்ட், செருப்பு, பட்டுப்புடவை, பத்திரம் எதுவும் தப்பாது. அதனால் பீரோவின் அடித்தட்டில் ஒரு பல்பைப் பொருத்தி, மழைக்காலம் முழுக்க எரிய விடுவோம். அந்தச் சூட்டில் உள்ளே இருப்பது காய்ந்து கிடக்கும். எல்.இ.டி. வந்த பிறகு இதற்கும் வில்லங்கம் வந்தது. அதில் சூடே இல்லை. பழைய குண்டு பல்புக்காகக் காந்திமதி கோத்தகிரி மார்க்கெட்டில் கடை கடையாக ஏறி இறங்குவாள்.

எங்கள் வீட்டில் முக்கியமான காகிதம் எல்லாம் அந்தப் பீரோவில்தான். அதன் சாவி காந்திமதியின் இடுப்பில். ஆகவே அந்த சி.டி.யை மட்டும் நான் அங்கே வைக்கவில்லை. விறகுக் கொட்டகையில் இருக்கும் என் டூல் பாக்ஸின் அடியில், ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒளித்து வைத்தேன். தூக்கி எறிந்திருக்கலாம். ஏனோ கை வரவில்லை. ரிப்போர்ட் காகிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டவனுக்கு, நெஞ்சின் படத்தை அடுப்பில் போடத் தைரியம் இல்லை.

கோயம்புத்தூரிலிருந்து வந்ததும் காந்திமதி பீரோவைத் தலைகீழாக்கித் தேடினாள். இரண்டு நாள். மகனின் தடுப்பூசி அட்டை வரைக்கும் கிடைத்தது, சி.டி. கிடைக்கவில்லை. “எங்கதான் போச்சோ, நாந்தான் எங்கயோ வெச்சுத் தொலைச்சுட்டேனுங்க” என்று அவள் கண் கலங்கியபோது எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

புள்ளி அப்போதே இருந்தது என்று சொல்லிவிட, பஸ் ஸ்டாண்டிலிருந்து டாக்டரம்மாவுக்குத் தனியாகப் போன் செய்தும் பார்த்தேன். எடுத்த நர்ஸ், “வாய் வார்த்தையா சொன்னா டாக்டர் ஒத்துக்க மாட்டாங்க சார், படம் வேணும்” என்று வைத்துவிட்டார்.

அதனால் ஒரு திட்டம் போட்டேன். மகன் காலேஜில் வைத்திருந்த பழைய லேப்டாப் பீரோ மேல் கிடந்தது. அதில் சி.டி. போடும் டிரைவ் உண்டு. காந்திமதி இல்லாத நேரத்தில் படத்தை மட்டும் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, சி.டி.யில் கூடவே இருக்கும் ரிப்போர்ட்டை விட்டுவிட வேண்டும். படத்தைப் பார்த்தால் அவளுக்கு ஒன்றும் புரியாது. ரிப்போர்ட்டில் எல்லாம் எழுத்தில் இருக்கும், யாராவது படித்துச் சொல்லிவிடுவார்கள்.

புதன்கிழமை காலையில் அவள் ரேஷன் கடைக்குக் கிளம்பினாள். சி.டி.யை எடுத்துத் துடைத்துப் போட்டேன். டிரைவ் அதை உள்ளே வாங்கிக்கொண்டது. கரகரவென்று ஒரு சத்தம். இரண்டு தடவை முனகியது. பிறகு சத்தமே இல்லை. பட்டனை அழுத்தினால் திறக்கவும் இல்லை.

பித்தளை

டிரைவை மொத்தமாகக் கழற்றிவிடலாம் என்று நினைத்தேன். ஒரே ஸ்க்ரூதானே. அவசரத்தில் கைக்குக் கிடைத்தது டூல் பாக்ஸில் இருந்த என் பித்தளை ஸ்க்ரூடிரைவர்.

எங்கள் பிரிவில் இரும்புக் கருவியைத் தொடக்கூடாது. இரும்போடு இரும்பு உரசி ஒரு பொறி பறந்தால் போதும், கட்டடமே இருக்காது. சுத்தியல் முதல் ஸ்பேனர் வரை பித்தளைதான். ஓய்வு பெற்றும் எனக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. வீட்டுச் சுவரில் ஆணி அடிப்பதற்குக்கூட இரும்புச் சுத்தியலை எடுக்கக் கை கூசும்.

ஆனால் பித்தளை மென்மையான உலோகம். அந்தப் பொடி ஸ்க்ரூ எஃகு. இரண்டு திருகு திருகியதும் ஸ்க்ரூடிரைவரின் முனை மழுங்கியது. இன்னும் அழுத்தினேன். ஸ்க்ரூவின் பள்ளம் முழுக்கப் பித்தளைத் தூள் அடைத்துக்கொண்டது. பளபளவென்று தங்கப்பல் மாதிரி மின்னியது. இனி அதை யாராலும் திருக முடியாது என்று தோன்றியது.

“ஏனுங்க, என்ன பண்றீங்க?”

வாசலில் காந்திமதி. ஒரு கையில் ரேஷன் பை, இன்னொரு கையில் தண்ணீர் சொட்டும் குடை. கட்டில் மேல் கிடந்த பிளாஸ்டிக் கவரைப் பார்த்தாள். அதில் ஸ்கேன் மையத்தின் பெயர் இருந்தது.

“சி.டி. கெடச்சிருச்சா? எங்கிருந்துச்சு?”

“கொட்டகைல.”

“கொட்டகைலயா?” என்றாள். பையை இறக்கிவைத்தாள். “சரி, கெடச்சதே போதும். எந்திரிங்க. கோத்தகிரில அந்த போஜன் கடைக்குக் கொண்டுபோலாம். நாளைக்குள்ள அனுப்பணுமில்ல.”

நான் மட்டும் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். “தனியா விட்டுட்டு நான் ஊட்டுல உக்காந்திருப்பனா?” என்று அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

பேக்கரிக்கு மேலே

போஜன் இந்த மலையின் படுகர் இனத்தவர். கோத்தகிரி மார்க்கெட்டில் ஒரு பேக்கரியின் மாடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். கீழே வர்க்கி சுடும் அடுப்பு. அதனால் அவர் கடைத் தரை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும், வெண்ணெய் வாசனை மாடிப்படி வரை வரும்.

லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தவர் ஸ்க்ரூவைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். “ஐயா ஃபேக்டரிக்காரருங்களா? பித்தளைல திருகியிருக்கீங்க. இங்க வெடிக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க ஐயா.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊசியால் பித்தளைத் தூளைச் சுரண்டி எடுத்தார். ஒரு பட்டையான ரப்பர் பேண்டை ஸ்க்ரூ மேல் வைத்து, அதற்கு மேல் எஃகு ஸ்க்ரூடிரைவரை அழுத்தித் திருகினார். ரப்பர் பிடித்துக்கொண்டது. ஸ்க்ரூ மெல்ல வெளியே வந்தது. ஒரு பழைய ஏ.டி.எம். கார்டை விட்டு நெம்ப, டிரைவ் மொத்தமும் மேசை டிராயர் போல உருவிக்கொண்டு வந்துவிட்டது. நான் அரை மணி நேரம் போராடியதை இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டார்.

டிரைவின் முகப்பில் ஒரு பொடி ஓட்டை இருந்தது. பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி அதில் விட்டுக் குத்தினார். டிரே கால் அங்குலம் நகர்ந்தது. விரலால் இழுத்தார். சி.டி. வெளியே வந்தது.

“பூசணமுங்க” என்றார். சி.டி.யின் ஓரத்தில் வெள்ளையாக வேர் பிடித்த மாதிரி ஒரு திட்டு. நான் மேலாகத் துடைத்திருக்கிறேன், அது போகவில்லை. டிரைவின் கண்ணாடிக் கண்ணிலும் மங்கலாகப் படிந்திருந்தது. “டிரைவ் போச்சுங்க. இதே மாடல்ல ஒரு செத்த லேப்டாப் வெச்சிருக்கேன், அதுல இருக்கறதக் கழட்டிப் போடலாம். ஆனா சி.டி. படிக்குமான்னு சொல்ல முடியாதுங்க. இத எங்க வெச்சிருந்தீங்க?”

“பீரோல வெச்சிருந்தா இப்படி ஆயிருக்காது” என்றாள் காந்திமதி. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. சொன்னது என்னிடம்தான்.

பஞ்சுத் துணியால் போஜன் சி.டி.யை நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோடாகத் துடைத்தார். வட்டமாகத் துடைத்தால் கீறல் விழுந்து சி.டி. படிக்காமல் போய்விடுமாம். அந்தச் செத்த லேப்டாப்பின் டிரைவிலிருந்து முகப்புப் பட்டையைக் கழற்றி, எங்கள் டிரைவின் பட்டையை அதில் மாட்டினார். பின்பக்கத் தகட்டை மாற்றினார். உள்ளே தள்ளினார். டக்கென்று உட்கார்ந்தது.

சி.டி.யைப் போட்டார். மூன்று பேரும் திரையையே பார்த்தோம். விர்ரென்று சுழன்றது, நின்றது, மறுபடி சுழன்றது. படிக்க வேண்டும் என்று காந்திமதி வாய்க்குள் முணுமுணுத்தாள். நான் என்ன வேண்டினேன் என்பதை உண்மையாகவே சொல்கிறேன். படிக்கக் கூடாது என்றுதான் வேண்டினேன். நெஞ்சில் ஊசி குத்தினாலும் பரவாயில்லை, இது திறக்காமல் போகட்டும் என்று வேண்டினேன். இப்படி ஒரு வேண்டுதலை எந்தச் சாமி கேட்கும்?

திறந்துவிட்டது.

போஜன் எல்லாவற்றையும் காப்பி எடுத்தார். படம் ஒன்றைத் திறந்து காட்டினார். கறுப்பும் சாம்பலுமாக என் நெஞ்சு குறுக்குவெட்டில் தெரிந்தது. காந்திமதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு போஜன், “சரியா வந்திருக்கான்னு பார்த்துடறேன்” என்று இன்னொரு ஃபைலைத் திறந்தார். வேண்டாம் என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அது திரையில் விரிந்துவிட்டது.

“ரிப்போர்ட்டுங்க” என்றார் போஜன். எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், படித்தவர் படிக்காதவருக்குச் சொல்கிற பணிவோடு அவளுக்குத் தமிழில் சொன்னார். “வலது பக்கம் சின்னதா ஒரு புள்ளி இருக்குதாம்மா. ஆறு மாசத்துல கண்டிப்பா திரும்ப ஸ்கேன் எடுக்கணும், நோயாளிகிட்ட நேர்ல சொல்லியாச்சுன்னு போட்டிருக்குதுங்க.”

கீழே பேக்கரியில் யாரோ தட்டை இறக்கும் சத்தம் கேட்டது.

“திரும்பப் படிங்க தம்பி” என்றாள் காந்திமதி.

அவர் திரும்பப் படித்தார். இந்த முறை மெதுவாக, என்னை ஓரக்கண்ணால் பார்த்தபடி.

“இதையும் சேர்த்து டாக்டரம்மாவுக்கு அனுப்பிடுங்க” என்றாள்.

வியாழக்கிழமை

புதனன்று திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில். பாதி வழியில் வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“டாக்டரம்மா முன்னால கூடவா சொல்லத் தோணல உங்களுக்கு?”

“நீ பக்கத்துல இருந்த காந்திமதி.”

“நான் இருந்தா?” என்று என் பக்கம் திரும்பினாள். “நான் இருந்தா பொய் சொல்லோணுமா? உசுரு போற மாதிரி ஊசி குத்தினாலும் எங்கிட்ட உண்மை சொல்லக் கூடாது, அப்படித்தானுங்க?”

அண்ணன், ஃபோர்மேன், நாற்காலி என்று எட்டு வருஷம் எனக்குள் அடுக்கி வைத்திருந்த எந்தக் காரணமும் அந்தப் பஸ்ஸில் நாக்கில் வரவில்லை.

அன்று ராத்திரி சாப்பாடு போட்டாள். குழம்பு ஊற்றினாள். மாத்திரையை எடுத்து வைத்தாள். பேசவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு இரண்டு பயம். அந்தப் புள்ளி வளர்ந்திருந்தால் எட்டு வருஷத்தையும் நானேதான் வீணடித்திருக்கிறேன். வளராமலே இருந்தாலும் இவள் இனி என்னிடம் பழைய மாதிரி பேசுவாளா என்று தெரியவில்லை.

மறுநாள், வியாழன் காலை, மழை கொஞ்சம் விட்டிருந்தது. பத்து மணிக்கு மேல் போன் அடித்தது. டாக்டரம்மா. நான் வாசல்படிக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

“சார், ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தோம். அதே இடம், அதே அளவு. எட்டு வருஷத்துல கொஞ்சம்கூட வளரலை. எப்பவோ வந்து ஆறின தழும்பு. நாளைக்கு ஊசி வேண்டாம். இருமலுக்குக் காரணம் வேற, அதுக்கு மருந்து எழுதறேன்.” பிறகு, “ஏன் சார் சுத்தமா இருந்துச்சுன்னு சொன்னீங்க? உங்களால அநியாயமா ஊசி குத்தப் பார்த்தோம்” என்று கேட்டார். நான் என்னவோ உளறினேன். அவர் வைத்துவிட்டார்.

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. வெட்கம் பார்க்காமல் அழுதேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சமையல்கட்டுக்கு ஓடினேன்.

காந்திமதி காரட் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“டாக்டரம்மா பேசினாங்க. பயப்பட ஒண்ணுமில்லையாம் காந்திமதி! பழைய தழும்பாம். ஊசி வேண்டாமாம். எல்லாம் நல்லா இருக்குதாம்!”

அவள் கத்தியை வைத்தாள். என் முகத்தை, அழுது சிவந்திருந்த கண்ணை, நன்றாகப் பார்த்தாள். அந்தக் கண் எதற்காகச் சிவந்திருக்கிறது என்று அவளால் முடிவு செய்ய முடியவில்லை. அது எனக்கு அப்படியே தெரிந்தது. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நீட்டினாள்.

“போனைக் குடுங்க.”

கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டி, அந்த நம்பருக்கு அவளே திரும்ப அடித்தாள். மணி போய்க்கொண்டிருந்தபோது ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

“டாக்டரம்மாங்களா? நான் அவரு சம்சாரம் பேசறேனுங்க. இல்லீங்க, சொன்னாரு. என்னமோ சொன்னாரு. நீங்க ஒருக்கா எங்கிட்டச் சொல்லுங்க. எதுவா இருந்தாலும் மறைக்காமச் சொல்லுங்க.”